பதினாறுக்குப் பதில் எட்டு

சுஹைர் மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு மாதமாகியும் போட்டிப் பட்டியலில் அவருடைய பெயர்தான் முதலாவதாக நின்றது. அவருடைய மனைவி ஹிதாயா பகல் லுஹர் தொழுத கையோடு லப்டொப்பைத் திறந்து அதை ஒருமுறை பார்த்துவிடுவாள். புருசன் போனபின் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருக்கிறவள் வேறெங்கே போவாள்? தில்லையடி வீட்டின் உள்ளறையும் அந்தப் பட்டியலுமே அவளுக்கு உலகமாகியிருந்தன.

அது புத்தளத்திலும் சிலாபத்திலும் கணினி வேலை பார்க்கிற சிலர் தங்களுக்குள் நடத்திய போட்டி. கேட்ட வேலையைச் செய்கிற நிரலை யார் ஆகக் குறைந்த எழுத்தில் எழுதுகிறார் என்பதே பந்தயம். இலக்கம், குறி, இடைவெளி எல்லாமே எழுத்துக் கணக்குத்தான். அந்த முறை கேள்வி சாதாரணமானது: எந்த ஆண்டைக் கொடுத்தாலும் அது லீப் வருடமா இல்லையா என்று சொல்ல வேண்டும். அதற்குள் விழுந்த சுஹைர் எழும்பவே இல்லை.

மௌத்தான அன்று பின்நேரம் அவர் இடது தோளைப் பிசைந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்ச பாருங்க, முகமெல்லாம் வேர்த்து ஊத்துது. ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“கேஸ்ட்ரிக் புள்ள. ஒரே ஒரு எழுத்து. அத எடுத்துட்டு வாறன். அந்தச் சிலாபத்தான் நிலுக்சன் எனக்குச் சமனா வந்து நிக்கிறான்.”

“அவன் நிக்கட்டும். நீங்க எழும்புங்க.”

“பொறு எண்டா.”

“எடுத்தாச்சு!” என்று மேசையில் ஓங்கி அடித்த பிறகுதான் எழும்பினார். முச்சக்கர வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்புமுன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஓரெழுத்தை ஹிதாயா சபிக்காத நாளில்லை. ஆனாலும் மனிசன் உயிரைக் கொடுத்து வாங்கிய முதலிடம் அது. அதுவாவது மிஞ்சியதே என்றுதான் தினமும் போய்ப் பார்த்தாள்.

சுஹைரின் ஃபோனுக்கு அவள் சார்ஜ் போட்டே வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அது விடாமல் சத்தம் போட்டது. போட்டிக்காரர்களின் வட்ஸ்அப் குழு. எடுத்து வாசித்தாள்.

“சுஹைர் நானாவ விட மூணு எழுத்துக் குறைச்சிட்டன். போடட்டா?” என்று கேட்டிருந்தான் புத்தளத்து அஸாம்.

“போடாத. என்னட்டயும் இருக்கு. ஹிதாயா அக்கா பாவம், இத்தா முடியட்டும்.” இது நிலுக்சன்.

“நானாட கோட் பிழை எண்டு தெரியும்தானே? 2200 குடுத்துப் பாரு.” மறுபடி அஸாம்.

“தெரியும். 2200ல ஆரடா இருக்கப்போறம்? விடு.” பக்கத்தில் இரண்டு சிரிக்கும் முகங்கள்.

பிறகு நிலுக்சனே: “அஸாம், மடையா, இது பழைய குரூப்! நானாட நம்பர் இதுல இருக்கு!”

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அழிந்தன.

ஹிதாயா பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். அவருடைய நிரலைத் திறந்து 2200ஐக் கொடுத்தாள். லீப் என்றது. அது லீப் இல்லை; நூற்றாண்டு வருடமென்றால் நானூறாலும் பிரிபட வேண்டும், 2200 பிரிபடாது. மௌத்துக்கு முதல் நாள் அவர் சேமித்திருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நூற்றாண்டு வருடங்களுக்கு நானூறின் வேலையைச் செய்கிற பதினாறு இருந்த இடத்தில் இப்போது எட்டு இருந்தது. இரண்டு இலக்கம் ஒன்றாகியிருந்தது. நிரல்களைச் சரிபார்க்கிற போட்டி இயந்திரம் நூற்றாண்டு வருடங்களில் சோதிப்பது 1900, 2000, 2100 ஆகிய மூன்றை மட்டும். மூன்றுக்கும் எட்டு சரிதான். 1800, 2200 போன்றவற்றுக்குத்தான் பிழையாகும்.

ஆக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் எடுத்த அந்த எழுத்துத்தான் சரியாக இருந்ததைக் கெடுத்திருந்தது.

சுஹைரின் தங்கை நிஃப்லா பிளேன்டீயோடு வந்தாள். “என்ன மதினி, அழுறீங்களா?”

“இல்ல. உங்கட நானா ஒரு கணக்குப் பிழைச்சிருக்கார்.”

“மௌத்தானவங்கட பிழையத் தேடப்படாது மதினி.”

“நான் எங்க தேடினன்? ஊரெல்லாம் தெரிஞ்சு மூடி வெச்சிருக்காங்க.”

நிஃப்லா கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். ஹிதாயா அந்த ஃபோனிலேயே எழுதினாள்:

“நான் ஹிதாயா. எல்லாத்தையும் வாசிச்சிட்டன். அவர் இருந்திருந்தா அரை நாளாவது முதலிடத்துல விட்டு வெச்சிருப்பீங்களா? பிழைய நான் திருத்துறன். நீங்க ஒளிச்சு வெச்சிருக்கிறதையெல்லாம் போடுங்க.”

“அக்கா, அப்பிடி இல்ல. ஒரு மரியாதைக்குத்தான்…” என்று எழுதினான் நிலுக்சன்.

“நீங்க அவருக்குக் குடுத்த மரியாதை நக்கல்தானே தம்பி. அதையே குடுங்க.”

எட்டை அழித்தாள். பதினாறைப் போட்டு, சுஹைரின் பெயரிலேயே அனுப்பினாள். அவர் இறங்கி நிலுக்சனுக்குச் சமனாக நின்றார். அந்த மனிசனுடைய நேர்மையான இடம் அது. அவளுக்குச் சற்று மூச்சு வந்தது.

முதலில் அஸாமுடையது ஏறியது. அதன் மேல் நிலுக்சனுடையது. ஒன்றிரண்டு வரும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்தி மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது சுஹைர் ஆறாவது. ஒருத்தனும் சும்மா இருந்திருக்கவில்லை. அவர் பேரில் ஓதிய கத்தத்துக்கு வந்து, சோறு தின்று, வீட்டுக்குப் போய் அவரை வென்று, வென்றதைப் பூட்டி வைத்திருந்திருக்கிறார்கள்.

குழுவில் பழைய சண்டை தொடங்கிவிட்டது.

“அஸாம், இந்த எழுத்துக் குறைப்ப உன்ட வாயில செய்.”

“சிலாபத்துக் கருவாட்டுக்குப் பொறாமைய பாரு!”

ஹிதாயா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். “நானா, வயசு போயிட்டு உங்களுக்கு,” என்று யாராவது ஒருத்தன் எழுதுவான். அவர் இருந்தபோது இரண்டாம் இடத்துக்கு வந்தாலே அப்படித்தான் குதறுவார்கள்.

ஆறாம் இடத்தை மட்டும் ஒருவரும் நக்கல் பண்ணவில்லை.