வெண்கட்டி வட்டம்

ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று சீனக்குடாப் பக்கம் எழுந்த புகை லேசுப்பட்ட புகையல்ல. நட்ட நடுப்பகலில் காகங்கள் வழி தெரியாமல் ஒன்றோடொன்று முட்டி விழுந்தன. நிலாவெளியில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் ஒரே நிறமாகி, எது யாருடைய சாரம் என்று சண்டை வந்தது. நகரத்துச் சனம் ஓடிய ஓட்டத்தில், வீட்டுக் கதவைச் சாத்தினோமா இல்லையா என்பதைப் பலர் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் யோசித்தார்கள்.

அந்தக் காலையில் சல்லிக் கரையிலிருந்து தோணியில் போன வீரசிங்கம் திரும்பவில்லை. தோணியின் ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. வெயில் ஏறுமுன் வந்துவிடுவேன் என்று பனையோலைத் தொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அவர் மனைவி இரத்தினேஸ்வரி நகரத்துச் சந்தையில் கருவாடு விற்பவள். ஏதாவது கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கும், சண்டை முடிந்ததும் இறக்கிவிடுவார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தாள். சொல்லாத பயம் ஒன்று உள்ளே அரித்தது. வீட்டில் அவருடைய படம் எதுவும் இல்லை. முகம் மங்கத் தொடங்கியிருந்தது. முதலில் போனது காது. அவர் காது தலையோடு ஒட்டியிருந்ததா, விரிந்திருந்ததா? எத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவள், அதுகூட நினைவில் இல்லை. அடுத்தது மூக்காக இருக்கும். முழுவதும் போவதற்குள் பிடித்து வைத்துவிட வேண்டும்.

டொக்யார்ட் வீதியில் சரீப் நானாவின் சித்திரக் கொட்டகை இருந்தது. தோணிக்குப் பெயர் எழுதத் தொடங்கி, பழமும் பாத்திரமும் வரைந்து வெள்ளைக்காரத் துரைமாருக்கு விற்கும் அளவுக்கு வந்தவர். அவர் வரைந்த மாம்பழத்தைக் கடித்து ஒரு கப்பல் துரைக்குப் பல் உடைந்ததாம். அந்தக் கதையை அவர் சொல்லச் சொல்லத் துரையின் பல் குறைந்துகொண்டே போய், கடைசியில் பொக்கை வாயோடுதான் மனுசன் கப்பலேறினான். படம் பழக வந்தவர்களெல்லாம் குண்டுக்குப் பயந்து ஓடிவிட, நானா தனியே ஒரு வாழைச் சீப்போடு உட்கார்ந்திருந்தார்.

“நானா, என்ர மனுசன்ர முகத்தை எனக்கு ஒருக்காக் கீறித் தர வேணும். கிழமைக்குக் கிழமை அவரிட்ட மீன் வாங்கினனீங்கள்தானே.”

“உசிருள்ளதை நான் கீறுறல்ல, தங்கச்சி. வாப்பாக்குக் குடுத்த வாக்கு. பழம், சட்டி, போத்தல், செத்த மீன். அவ்வளவுதான் என்ட கை.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கிறது என்று இருவருக்கும் விளங்கியது. அவர் உயிரோடு இல்லை என்று இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானா கீறிவிடலாம்.

“அவருக்கு உசிர் இருக்கு” என்றாள்.

“அப்ப ஏலாது.”

திரும்பி நடந்தவளை நானாவே கூப்பிட்டார். “அவர்ர சாமான் ஏதும் கிடந்தாக் கொண்டாங்க. சாமான் கீறப் பழக்கித் தாறன். கை திருந்தினாப் பொறகு முகத்தை நீங்களே கீறிக்கொள்ளுங்க. அது ஒங்கட பாடு.”

மறுநாள் சந்தை கலைந்ததும் தொப்பியையும், அவர் கஞ்சி கொண்டுபோகும் கலயத்தையும், வெற்றிலைப் பெட்டியையும் கொண்டுவந்தாள். இருட்டடிப்புக்காக எல்லா யன்னலிலும் கறுப்புக் கடுதாசி ஒட்டச் சொல்லியிருந்தார்கள். நானா ஒரு யன்னலில் மட்டும் அதைக் கிழித்துவிட்டார். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வந்து மேசையில் விழுந்தது.

“அரசாங்கம் எனக்குச் செஞ்ச ஒரே ஒரு நன்மை இதுதான்” என்றார். சாமான்களை அடுக்கி, ஒவ்வொன்றையும் சுற்றிப் பள்ளிக்கூடத்து வெண்கட்டியால் கோடு போட்டார். படம் முடியும்வரை கோட்டை விட்டு எதுவும் நகரக்கூடாது. நகர்ந்தால் நிழல் மாறிவிடும். விமான அபாயச் சங்கு ஊதினால் ஊரெல்லாம் பதுங்குகுழியில் உயிரைத் தேடும். நானா மட்டும் தலையை நீட்டி, தொப்பி அசைந்ததா என்று கேட்பார்.

அவள் முதலில் வரைந்த தொப்பியை அவர் நெடுநேரம் பார்த்தார். “பலாப்பழம் நல்லா வந்திருக்கு.”

“நாளைக்கு உங்களுக்குக் கருவாடு இல்லை.”

“கோவிக்காதீங்க. தொப்பி வட்டம் எண்டு மனசு சொல்லுது, கையும் வட்டம் போடுது. இங்க இருந்து பார்க்க அது வட்டமா? மனசில கிடக்கிறதைக் கீறப்படாது. கண்ணுக்கு முன்னால இருக்கிறதைத்தான் கீறோணும்.”

கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொன்னார். அப்போதுதான் நிழல் எது, வெளிச்சம் எது என்று பிரியும். நிழலிலிருந்து தொடங்கச் சொன்னார். நிழலுக்குக் கறுப்பு எடுக்கக்கூடாது, பழுப்பில் கொஞ்சம் நீலம். மினுக்கம் எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரே தொடுகையில்.

தென்மேற்குக் கச்சான் காற்று மாதக்கணக்கில் வீசி ஓய்ந்தது. வீட்டில் மாமி பூரணி விடவில்லை. “பிள்ளை, என்ர மோன் தண்ணியுக்குள்ள பசியோட கிடந்து அலையிறான். தர்ப்பையில உருவம் செய்து கொள்ளி வைப்பம். அவனுக்கு ஒரு வழி விடு.”

“படம் முடியட்டும், மாமி.”

படம் முடியத்தான் செய்தது. ஓலையின் ஒவ்வொரு பின்னலும், உள் விளிம்பில் வியர்வை ஊறிய கறையும், அவர் எப்போதும் ஒரே கையால் பிடித்துக் கழற்றும் இடத்தில் இருந்த நெளிவும் வந்திருந்தன. கொட்டகைக்குள் வந்த ஈ ஒன்று நிசத்தொப்பியை விட்டுவிட்டுப் படத்துத் தொப்பியில்தான் குந்தியது. நானா புதுப் பலகை ஒன்றை நிறுத்தினார். “இனி முகம்” என்று சொல்லி வெளியே போய்விட்டார்.

அவள் கண்ணைப் பாதி மூடினாள். தொப்பி வந்தது. முழுவதும் மூடினாள். அப்போதும் தொப்பிதான். வியர்வைக் கறை வந்தது, நெளிவு வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் பார்க்க இத்தனை மாதம் பழகிய கண்ணுக்கு முன்னால் வெறும் பலகை நின்றது. வெளிச்சம் யன்னலை விட்டுப் போகும்வரை அப்படியே இருந்தாள். பிறகு சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

“செய்வம், மாமி.”

முற்றத்துப் பாயில் தர்ப்பை உருவத்தைக் கிடத்தினார்கள். புல்லுக்கு ஏது முகம்? தலைமாட்டில் தொப்பியை அவளே வைத்தாள். ஆண்கள் உருவத்தைத் தொப்பியோடு சேர்த்துக் கொள்ளி வைக்கக் கடற்கரைக்குத் தூக்கிப்போனார்கள். வேலிக்கு மேலாகத் தெரிந்த புகை மிகக் கொஞ்சம். ஒரு காகத்தைக்கூட அது தடுமாற வைத்திருக்காது.

வீட்டில் சடங்கெல்லாம் கழிந்து, மாரிமழை பிடித்துவிட்ட ஒரு நாள், நனைந்தபடி கொட்டகைக்கு வந்தாள்.

“நானா, இனி நீங்கள் கீறலாம்.”

சரீப் அவளைப் பார்த்தார்.  வெறுமனே நின்ற பலகைக்கு முன்னால் குந்தி, தூரிகையை எடுத்தார். மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. நெடுநேரம் கழித்துத் தூரிகையைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, முகம் வருகுதில்ல.”

“எத்தினை தரம் கண்டிருப்பியள்.”

“கண்டன்தான். மீனைத்தான் பார்த்தனான். அவர் கொண்டந்த பாரையெல்லாம் கண்ணுக்குள்ள நிக்குது. எதில எந்தச் செதில் கழண்டிருந்தது எண்டும் சொல்லுவன். மீனைத் தூக்கின ஆளை நான் நிமிர்ந்து பார்க்கல்ல.”

“காது?”

“காதும் இல்ல.”

எதையாவது செய்ய வேண்டும் என்பதற்காக நானா ஈரத்துணியை எடுத்து மேசையைத் துடைக்கப் போனார்.

“துடைக்காதேங்கோ.”

தொப்பி இருந்த இடத்தில் வெண்கட்டி வட்டம் அப்படியே இருந்தது. மேசையெங்கும் தூசி படிந்திருக்க, வட்டத்துக்குள் மட்டும் மரம் சற்றுக் கருமையாகத் தெரிந்தது. இரத்தினேஸ்வரி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடினாள். பழுப்பை எடுத்தாள். அதில் கொஞ்சம் நீலம் சேர்த்தாள்.