நீல முகத்துக்கு ஒரு சுவர்

பிரிக்பீல்ட்ஸில் நவீன ஓவியத்துக்காகப் பரிந்து பேச ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ரயில்வே கிளார்க் வீரசிங்கம். 1934இல் லண்டனிலிருந்து ஒரு பத்திரிகையை வரவழைத்துப் படித்துக் கெட்டுப்போனவர். ரயில் பெட்டிகளுக்கு எண் எழுதும் அய்யாவு, மிச்சச் சாயத்தில் பலகைமேல் வரைந்திருந்த ஒரு பெண் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. முகம் முழுக்க நீலம். இரண்டு கண்ணும் ஒரே பக்கம்.

"என் சம்சாரம்தாங்கய்யா. கோவமா இருந்தப்ப வரைஞ்சது" என்றார் அய்யாவு.

இதை ஊர் ஒருமுறை நின்று பார்த்துவிட்டால் தன் பிறவி கடைத்தேறிவிடும் என்று வீரசிங்கம் மனதார நம்பினார். ஊர்ச் சங்கத்து வாசிகசாலையில் மாட்டச் சொல்லி நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினார். வடை ஆறிப்போனதுதான் கண்ட பலன்.

"உம்மட பேச்சு திறம்" என்றார் தலைவர் தியாகராசா. "ஆனா பிள்ளையள் வந்துபோற இடம், பயந்துபோவினம். படத்தைத் தாரும், என்ர புது வீட்டில வைக்கிறன்."

தலைவரே கலைக்கு மசிந்துவிட்டார் என்று வீரசிங்கம் அன்று தரையில் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார். பாதி எழும்பிய மாடி வீட்டின் சாரத்தில், திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் நீல முகம் தொங்கியது.

"கண்ணூறுக்கு இதைவிடத் திறமான சாமான் இல்லை" என்றார் தியாகராசா.

படத்தைக் கழற்றச் சொல்ல வீரசிங்கம் வாயெடுத்தார். ஆனால் தெருவில் போன ஒருவர் விடாமல் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தையும் அவரால் மறைக்க முடியவில்லை. எதிர்மரத்தடியில் மாலைவரை உட்கார்ந்து, பார்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே வருடத்தில் கிள்ளான் வரைக்கும் கட்டுகிற வீடெல்லாம் நீல முகம். அய்யாவு எண் எழுதும் வேலையையே விட்டுவிட்டார். முதலில் கண்டுபிடித்தவர் தியாகராசா என்று ஊர் சொன்னது. வீரசிங்கத்தின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

கடைசியில், தன் சுவரிலாவது அது படமாக இருக்கட்டும் என்று அய்யாவுவிடம் ஒன்று வாங்கிவந்து, ரயில்வே குவார்ட்டர்ஸ் கூடத்தில் ஆணியைத் தேடினார். மனைவி மீனலோசனி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எங்களுக்கு என்னத்துக்கு இது? இந்த வீட்டில ஆர் கண் வைக்கப்போகினம்?"

வீரசிங்கத்துக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. ஆதரவுக்கு ஆளில்லாமல் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். அதன் இரண்டு கண்ணும் மீனலோசனியின் பக்கமே இருந்தன.