ஒன்பதாம் படகின் பதினொரு பேர்

சிவகௌரி அந்தக் கப்பலுக்குப் போனது மேசைவிரிப்புகளைத் திருப்பிக் கொடுக்கத்தான். 'நோர்ட்லிக்ட்' என்று பெயர். ஐம்பதுகளில் தொள்ளாயிரம் பயணிகளை ஏற்றிக்கொண்டு நியூயோர்க்குக்குப் போய்வந்தது. இப்போது ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் சாப்பாட்டறைக்கென்று நெய்த பழைய லினன் விரிப்புகளைக் கிழியாமல் வெளுத்துக் கொடுக்க இந்த நகரத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது சிவகௌரிக்குத் தெரியும். அருங்காட்சியகத்துக்கும் தெரிந்திருந்தது. இருபத்தொன்பது வருடமாகச் சலவைத் தொழிற்சாலை நடத்துகிறாள். ஹோட்டல்களின் படுக்கைவிரிப்புகள் விடியமுன் அவளிடம் வந்து, மத்தியானத்துக்குள் மடித்துத் திரும்பிப் போய்விடும்.

பெட்டிகளை வாங்கிக்கொண்டவள் தர்மிகா. பீலெஃபெல்டில் பிறந்து வளர்ந்து, வரலாறு படித்து, கப்பலில் வேலை செய்தவர்களைப் பற்றிய புதுக் கண்காட்சிக்குப் பொறுப்பாக வந்திருந்தாள்.

"அன்ரி, நேரமிருந்தால் கீழ்த்தளத்தைப் பாருங்கோவன். உங்கட தொழில்தானே, சலவை அறையும் இருக்கு."

"ஓம், பாப்பம்."

இரும்புப் படிகளில் நான்கு தளம் இறங்க வேண்டியிருந்தது. அறை நீளமாக, கூரை தலையில் முட்டுமாப்போல் இருந்தது. ஒரு பக்கம் சலவை இயந்திரங்கள் மூன்று. பக்கத்தில் தண்ணீர் பிழியும் இயந்திரம். நடுவில், சூடான உருளைகளுக்கிடையே துணியை விட்டு அழுத்தி எடுக்கும் மங்கெல். மறுபக்கச் சுவரோடு ஏழு இஸ்திரி மேசைகள். வாசலில் புதிதாக மாட்டிய பலகையைச் சிவகௌரி நின்று வாசித்தாள். நாளொன்றுக்கு எழுநூறு படுக்கைவிரிப்பு, முந்நூறு மேசைவிரிப்பு, இரண்டாயிரத்தைந்நூறு கைத்துடைப்பான், அதோடு பயணிகளின் சட்டைகள். இவ்வளவையும் ஆறு பேர் செய்தார்கள் என்று எழுதியிருந்தது.

"பிழை," என்றாள் சிவகௌரி.

"எது, அன்ரி?"

"ஆறு பேர் எண்டது. இங்க வாரும். இந்த மங்கெலுக்கு மட்டும் நாலு பேர் வேணும். ரெண்டு பேர் துணியை விட, ரெண்டு பேர் பிடிச்சு மடிக்க. மிச்சம் ரெண்டு பேர். ஆர் தோய்க்கிறது, ஆர் பிழியிறது, இந்த ஏழு மேசையிலயும் நிண்டு சட்டை அழுத்தினது ஆர்?"

தர்மிகா மேசைகளைப் பார்த்தாள். ஏழுக்கு முன்னாலும் நிலத்து மரச்சட்டங்கள் கால்பட்டுக் குழிந்திருந்தன. ஏழும் ஒரே ஆழத்துக்கு.

"ஆனா அன்ரி, பணியாளர் பட்டியலில சலவைக்காரர் ஆறு பேர்தான். நான் அஞ்சு வருசப் பட்டியலையும் பாத்திட்டன்."

"பட்டியல் எழுதினவன் இங்க இறங்கி வரேல்லைப் போல. பதினைஞ்சுக்குக் குறைய ஏலாது."

அவள் குரலை உயர்த்தவில்லை. உப்பு குறைந்த கறியை ருசி பார்த்துச் சொல்லும் நிதானத்தோடு சொன்னாள். தர்மிகாவுக்கு அதுதான் உறைத்தது. அடுத்த நாளே அருங்காட்சியக இயக்குநரைச் சந்திக்க ஒரு தெர்மின் எடுத்து, இருவரும் அவர் முன்னால் போய் இருந்தார்கள். ஹெர் பிராண்ட் மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஊகத்தைப் பலகையில் எழுத முடியாது," என்றார்.

"ஊகம் இல்லை," என்றாள் சிவகௌரி. "சனிக்கிழமை என் தொழிற்சாலைக்கு வாருங்கள். செய்து காட்டுகிறேன்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆறு பேர் நின்றார்கள். மேற்பார்வை செய்யும் வசுந்தரா, அவள் பொறுக்கி எடுத்த நாலு பெண்கள், ஆறாவதாகச் சிவகௌரி. பலகையில் சொன்ன எண்ணிக்கைக்கே ஹோட்டல் துணிகளைப் பிரித்து அடுக்கியிருந்தார்கள்.

"அக்கா, இது கப்பலில இருக்கிறதைவிடப் புது மெஷின். ரெண்டு மடங்கு அகலம்," என்றாள் வசுந்தரா.

"அது நல்லதுக்குத்தான். புது மெஷினிலயே ஏலாட்டி, பிறகு ஆர் என்ன கதைக்கிறது?"

மத்தியானம் வரை பேச்சும் சிரிப்புமாக வேலை ஓடியது. பிறகு பேச்சு நின்றது. ஈரத்துணியின் பாரம் தோளில் இறங்கியது. சிவகௌரிக்கு வயது ஐம்பத்தெட்டு. மங்கெல் முன் முழுநாள் நின்று பல வருடமாகியிருந்தது. ஆனாலும் விரிப்பின் மூலையைப் பிடித்து ஒரு உதறு உதறினால் சுருக்கமில்லாமல் உருளைக்குள் போனது. கை மறக்கவில்லை என்று அவளுக்குள் ஒரு சந்தோஷம்.

நாலு மணிக்கு ஹெர் பிராண்டும் தர்மிகாவும் வந்தார்கள். கைத்துடைப்பான்களில் பாதி இன்னும் ஈரமாகக் கூடைகளில் கிடந்தது. சட்டைகளை ஒருவரும் தொடவே இல்லை. ஹெர் பிராண்ட் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரு விரிப்பின் நுனியைப் பிடித்து உள்ளே விட்டுப் பார்த்தார். அது கோணலாகப் போய் மடங்கி வந்தது. மூன்றாவது விரிப்போடு கையை எடுத்துவிட்டார்.

"ஃபிரவ் சிவகௌரி, உங்களை நம்புகிறேன். ஆறு பேரால் முடியாது. ஆனால் மற்றவர்கள் யார்? ஒரு தாளாவது வேண்டும்."

அவர் போன பிறகு தர்மிகா கூடையொன்றின் விளிம்பில் இருந்தாள். முகம் வாடிப்போயிருந்தது.

"தாள் இல்லை, அன்ரி. எல்லாப் பட்டியலும் பாத்திட்டன். கப்பல் கொம்பனி சம்பளம் குடுத்தவை மட்டும்தான் அதில இருக்கினம்."

சிவகௌரி கையைத் துடைத்தபடி யோசித்தாள். கொம்பனி சம்பளம் கொடுக்காத ஆட்கள். வேறு யாரோ கூட்டிவந்து வேலைக்கு விட்ட ஆட்கள். அப்படி ஆட்களை அவளுக்குத் தெரியும். ஜெர்மனிக்கு வந்த முதல் வருடங்களில் அவளே அப்படித்தான் ஹோட்டல் ஹோட்டலாகக் கழுவித் திரிந்தாள். எந்த ஹோட்டலின் புத்தகத்திலும் அவள் பெயர் இருக்காது.

"பிள்ளை, கப்பல் தாழப் பாத்தால் என்ன செய்வினம்?"

"உயிர்காப்புப் படகில ஏத்துவினம்."

"ஆரை?"

"எல்லாரையும்..." தர்மிகா சட்டென்று எழுந்தாள். "ஒவ்வொரு ஆளுக்கும் படகு நம்பர் இருக்கும்! சம்பளம் ஆர் குடுத்தாலும் படகில இடம் குடுத்தே ஆகோணும்."

"அந்தப் பட்டியலைத் தேடும்."

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. தர்மிகாவுக்கு மூச்சு வாங்கியது.

"அன்ரி, ஒன்பதாம் படகு! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருசப் பட்டியல். லாம் வாய் கெங், சான் கோக் மிங், யூ சிக் ஹோ... பதினொரு பேர். எல்லாருக்கும் நேர 'சலவை' எண்டு எழுதியிருக்கு. ஹொங்கொங்கில இருந்து ஒரு தரகன் கொண்டுவந்து விட்ட ஆக்கள். பட்டியல் ஆறும் இது பதினொண்டும்..."

"பதினேழு," என்றாள் சிவகௌரி. தான் சொன்ன பதினைந்தையும் தாண்டிவிட்டது. சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் கலங்கியது. பின்னால் மங்கெல் ஓடிக்கொண்டிருந்தது. "பேரெல்லாத்தையும் இன்னொருக்கா வாசியும். ஆறுதலா."

தர்மிகா வாசித்தாள். சிவகௌரி கணக்குப்பிள்ளையின் மேசையில் கிடந்த பேனையை எடுத்து, காதில் விழுந்தபடி தமிழில் எழுதிக்கொண்டாள்.

புதுப் பலகையை அச்சுக்கு அனுப்புமுன் ஹெர் பிராண்ட் அவளைக் கூப்பிட்டு வரைவைக் காட்டினார். பதினொரு பெயர்களும் இருந்தன. ஊர் இருந்தது, படகு எண் இருந்தது. கடைசி வரியில் அவள் விரல் நின்றது. 'சலவை வேலையில் பதினொரு பேர் உதவினார்கள்.'

"இது சரியில்லை," என்றாள்.

"எண்ணிக்கையா?"

"இல்லை. உதவியது நீங்கள், அன்று மூன்று விரிப்புக்கு. இவர்கள் வேலை செய்தார்கள்."

ஹெர் பிராண்ட் வாய்விட்டுச் சிரித்தார். காது சிவந்தது. பேனையை எடுத்து அந்தச் சொல்லை அவரே வெட்டி, மேலே சரியானதை எழுதினார்.