ஒன்பதாவது கையெழுத்து

சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே திணித்தார் கரண்ட்டுக்காரர். பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய பிறகு இது மூன்றாவது முறை. ‘மேற்படி இசை நாடகத்தில் என் மகன்/மகள் பங்கேற்பதில் எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை’ என்று அச்சடித்திருந்தது. அடியில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் ஒரு கையெழுத்தைப் போடவும் முடியாமல், கிழித்துப் போடவும் முடியாமல் நாலு நாளாக வேலைக்குப் போகிற வீடெல்லாம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். நேற்று ஒரு வீட்டில் மின்விசிறி மாட்டும்போது கறுப்பு ஒயரைக் கொடுக்க வேண்டிய இடத்தில் சிவப்பைக் கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருஷத் தொழிலில் அப்படி ஒரு தப்பு நடந்ததேயில்லை.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்து, பாட்டு டீச்சர் துணையோடு ஒரு நாடகம் எழுதியிருந்தார்கள். சாதாரண நாடகமாக இருந்தால் வம்பில்லை. கிடார், டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வைத்து, பேசுவதைப் பாதி கத்தலாகவும் பாதி பாட்டாகவும் பேசுகிற ராக் இசை நாடகம். ஒரு ஊர். அந்த ஊரில் ஒரு பிள்ளைக்குப் பதினாலு வயது ஆனதும் அதன் அறை ஜன்னலுக்குப் பலகை வைத்து அடித்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் புத்தி கெட்டுவிடும் என்பது ஊர் முடிவு. கடைசியில் பிள்ளைகள் பலகையைப் பெயர்த்துக்கொண்டு தெருவுக்கு வருகிறார்கள். இதைக் கேள்விப்பட்ட இரண்டு பெற்றோர் தலைமையாசிரியரிடம் போய், “இதையெல்லாமா சொல்லித் தர்றீங்க?” என்று சண்டைக்கு நின்றார்கள். தலைமையாசிரியர் எந்தப் பக்கமும் சாயாத மனிதர். ஒன்பது வீட்டிலிருந்தும் கையெழுத்து வந்தால் நாடகம், ஒன்று குறைந்தாலும் கிடையாது என்று சொல்லிவிட்டார். சண்டைக்கு வந்த இரண்டு பேர்கூடப் பிள்ளைகள் அழுது அடம்பிடித்ததில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எட்டு வந்தாயிற்று. சனிக்கிழமை நாடகம், இன்றைக்கு வியாழன்.

காலையில் அவர் மனைவி தபால் நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னாள். கடிதம் பிரிக்கும் பிரிவில் வேலை. எதையும் இந்தப் பெட்டி, அந்தப் பெட்டி என்று சட்டெனப் போட்டுவிடுகிற கை.

“போடுறதுன்னா போடுங்க. இல்லேன்னா இல்லேன்னு அவ முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. இப்படி அடைகாக்காதீங்க.”

“நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு யோசிக்க வேணாமா?”

“அந்த நாலு பேரை நானும் கல்யாணமான நாள்லேருந்து கேக்குறேன். ஒரு நாளாச்சும் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன், ஒரு வாய் காப்பி குடுத்தாவது அனுப்பலாம்.”

மகள் சாப்பாட்டு மேஜையில் தலை நிமிரவில்லை. மூன்று நாளாக அவரோடு பேச்சில்லை. கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ‘பாப்பா’ என்று கூப்பிட்டால் வந்து நின்றாள், கேட்டதை எடுத்துக் கொடுத்தாள், போனாள். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆகவே, டீச்சரை நேரில் பார்த்து, ‘என் பொண்ணு பேரை எடுத்துடுங்க, அவ இடத்துல வேற யாரையாவது போட்டுக்குங்க’ என்று தன்மையாகச் சொல்லிவிடுவது என்று கிளம்பி வந்திருந்தார். நாடகமும் நிற்காது, தானும் கையெழுத்துப் போட்டதாக ஆகாது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் சத்தம் நெஞ்சில் இடித்தது. மேடையில் நாலைந்து பிள்ளைகள் உயரமான பலகைகளைக் கையால் அறைந்துகொண்டிருந்தார்கள். நடுவில், தோளில் கிடாரோடு, மைக்குக்கு முன்னால் அவர் மகள். வீட்டில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருக்கும் சுருட்டை முடி அவிழ்ந்து தலை இரண்டு மடங்காகத் தெரிந்தது. வீட்டில் ரேடியோவை அடக்கி வைத்தது மாதிரி பேசுகிறவளுக்கு இவ்வளவு பெரிய குரலா! ‘பலகைக்கு அந்தப் பக்கம் மழை பெய்யுது, யாரோ நனையுறாங்க, நான் இல்ல’ என்று அவள் பாடினாள். மேல் ஸ்தாயிக்குப் போய் மைக்கை நெருங்கியவள், உதடு பட்டதும் துள்ளிப் பின்னால் விழப் பார்த்தாள்.

“மைக்கு மறுபடியும் முத்தம் குடுத்துடுச்சுடா!” என்று யாரோ சிரித்தார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கரண்ட்டுக்காரருக்கு எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனது. “யாரும் எதையும் தொடாதீங்க!” என்று கத்திக்கொண்டே சுவரோரம் ஓடி மெயினை அணைத்தார். மண்டபம் அடங்கியது. “இது சிரிக்கிற விஷயமா? இன்னைக்கு உதட்டைச் சுண்டும், நாளைக்கு ஆளையே தூக்கிப் போட்டுடும். ஒரு கை கிடார் கம்பியில, வாய் மைக்ல... கரண்ட்டு நெஞ்சு வழியாப் போகும், தெரியுமா?”

“நீங்க யாருங்க?” என்றார் பாட்டு டீச்சர்.

“எங்கப்பா” என்றாள் மகள், உடுப்பில் பட்ட கறையைக் காட்டுகிற குரலில்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். கசிகிற கரண்ட்டைத் தரைக்கு இறக்கும் எர்த் ஒயரை எவனோ பாதியில் வெட்டி, மடக்கி, அதற்கு மேல் அழகாக டேப் வேறு சுற்றியிருந்தான். இந்த வேலையைச் செய்தவனின் பரம்பரையையே மனசுக்குள் திட்டினார். “ஒயர் எடுத்துட்டு வரேன். நான் சொல்ற வரைக்கும் மெயின்ல கை வைக்காதீங்க” என்று வெளியே போனார். டீச்சரையும் அதற்குள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

ஸ்கூட்டர் பெட்டியிலேயே பச்சை ஒயர் ஒரு சுருள் இருந்தது. எக்ஸ்டென்ஷனுக்கு வரும் லைன் மேடைக்கு அடியில்தான் போனது. மேடையின் பின்பக்கத்துச் சிறு கதவைத் திறந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேடைக்கு அடியில் ஊர்ந்து போனார். உடைந்த நாற்காலிக் கால்கள், போன வருஷத்துக் காகிதப் பூக்கள், ஒரு ஒற்றைச் செருப்பு. தலைக்கு மேல் பிள்ளைகள் நடக்க நடக்கத் தூசி கொட்டியது. கடைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் பேசுவது அப்படியே காதில் விழுந்தது.

“ஏய் சுருட்டை, உங்கப்பாவைப் பாத்துத்தான் எனக்கு அப்பா வேஷம் எழுதினியா? அதே அதட்டல்!” குரல் உடைந்துகொண்டிருக்கும் ஒரு பையன். தவளை என்று மற்றவர்கள் கூப்பிட்டது அவனைத்தான்.

“போடா. எங்கப்பா பலகை அடிக்கிற ஆளில்ல.” கிடார் கம்பி ஒன்றைச் சுண்டும் சத்தம். “அடிக்கிறவங்களுக்கு ஆணி எடுத்துக் குடுக்கிற ஆளு. அதுவும் பாவம், பயந்துகிட்டே குடுப்பாரு.”

“கையெழுத்து போடுவாரா?”

“தெரியலடா. எனக்கு அவர் மேல கோவமே வரமாட்டேங்குது. அதுதான் கோவம் கோவமா வருது.”

கீழே கரண்ட்டுக்காரர் ஒயர் முனையைச் சீவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். டார்ச் வாயிலிருந்து நழுவியது.

அவளுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அவர் மனைவிக்கே பாதிதான் தெரியும். அப்போது அவருக்குப் பதினாலு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. தட்டச்சு வகுப்பில் கூடப் படித்த பையனோடு அக்கா ஒரு மாலை ஆற்றுப் பாலத்தில் நின்று பேசிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துச் சொன்னார்கள். அவ்வளவுதான் நடந்தது, பேசியதுதான். மறுநாள் அப்பா பலகையும் சுத்தியலுமாக அக்காவின் அறைக்குப் போனார். “டேய், அந்த டப்பாவை எடுத்துட்டு வா” என்றார். ஆணி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றதும், ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியதும் இவர்தான். அக்கா கட்டிலில் உட்கார்ந்து தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதத்தில் மூன்று மணி நேரப் பயண தூரத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் பேச்சுவார்த்தை இருக்கத்தான் செய்தது. யாராவது பிறந்தால், யாராவது செத்தால்.

எர்த்தை முடுக்கிவிட்டு வெளியே ஊர்ந்து வந்தவர், முட்டித் தூசியைக்கூடத் தட்டாமல் போனை எடுத்தார். அக்கா அந்த ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறாள்.

“என்னடா, யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. பாப்பா சனிக்கிழமை ஸ்கூல்ல பாடுறா. நாடகம்.”

“சந்தோஷம். அதுக்கா வேலை நேரத்துல கூப்பிட்ட?”

“ஜன்னல்ல பலகை அடிக்கிற கதைக்கா.”

அந்தப் பக்கம் கடையில் யாரோ கண் பரிசோதனைக்காக எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தப்பும் தவறுமாக வாசித்துக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது. கடைசி வரி வரைக்கும் போய் நின்றது.

“நான் கையெழுத்துப் போட்டாத்தான் நடக்கும்” என்றார் இவர்.

“போட்டியா?”

“இன்னும் இல்ல.”

“என்னைக் கேட்டுட்டுப் போடலாம்னு இருக்கியா? அப்படில்லாம் நான் சொல்ல மாட்டேன், தெரிஞ்சுக்க.”

“இல்லக்கா... நீ வருவியா?”

“முதல்ல போடுடா. அப்புறம் பஸ் எத்தனை மணிக்குன்னு பாக்கலாம்.”

சுவரில் காகிதத்தை வைத்து எழுதியதில் பேனா இரண்டு இடத்தில் குத்திக் கிழித்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் கிரீஸ் வேறு. அலுவலகத்திலிருந்து திரும்பிய டீச்சரிடம் நீட்டியபோது அவர் அதைப் படித்தார், இவரைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். கரண்ட்டுக்காரர் யாரையும் பார்க்காமல் போய் மெயினைப் போட்டு, டெஸ்டரை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்துவிட்டு, “இப்ப தொடு” என்றார் மகளிடம். அவள் ஒரு விரலால் தொட்டாள். பிறகு கிடார் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை வைத்தாள்.

“எர்த் வந்துடுச்சா?” என்று கேட்டாள்.

“வந்துடுச்சு.”

“கையெழுத்து?”

“அதுவும்தான்.” அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் தவளையிடம் திரும்பினார். “தம்பி, சுத்தியலைக் கழுத்துல பிடிக்காத. பிடியோட நுனியில பிடி. இப்படிப் பிடிச்சா நீ ஆணி அடிக்கிறேன்னு ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

சனிக்கிழமை நாலு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. தலைமையாசிரியர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, எந்த நேரமும் எழுந்துகொள்ள வசதியாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா வந்தாள். முடி பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. “உனக்கு இன்னும் கண்ணாடி போடலையா? போட்டுக்கணும் போலருக்கே” என்றதுதான் முதல் வார்த்தை. கரண்ட்டுக்காரருக்கு ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் அக்கா. முதல் பாட்டு முழுக்க அவர் காது ஆம்ப்ளிஃபயர் மேலேயே இருந்தது. சின்ன இரைச்சல்கூட இல்லை. இரண்டாவது பாட்டில் பின்வரிசையிலிருந்து ஒருவர் “கண்றாவி” என்று எழுந்து போனார். அவர் பையன் மேடையில்தான் இருந்தான். அப்பா போவதைப் பார்த்துக்கொண்டே, ஒரு அடியும் பிசகாமல் தாளத்தைத் தட்டினான். தலைமையாசிரியரும் எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். கால்சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார், இந்தத் தடவை நாற்காலி நிறைய.

பிறகு தவளை வந்தான். பலகையை நிறுத்தி, சுத்தியலை நுனியில் பிடித்து அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் டிரம்ஸ் விழுந்தது. பலகைக்குப் பின்னாலிருந்து, ஆள் தெரியாமல், மகளின் குரல் மட்டும் வந்தது. கரண்ட்டுக்காரரால் மேடையைப் பார்க்க முடியவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

“எத்தனை ஆணின்னு ஞாபகம் இருக்கா உனக்கு?” என்றாள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பதினொண்ணு.”

“பன்னெண்டு. ஒண்ணு வளைஞ்சு கீழ விழுந்துச்சு. நீ அதை எடுத்து நிமிர்த்திக் குடுத்த.”

அக்கா பிடித்த கையை விடவில்லை. கடைசிப் பாட்டில் ஒன்பது பேரும் பலகைகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, மணிக்கட்டைப் பிடித்தபடியே மறு கையால் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். ஒரு அடிகூடச் சரியாக விழவில்லை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, அதே தப்பான தாளத்துக்குத் தானும் கை தட்டினாள்.

வெளியே வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. மகள் முகச் சாயத்தோடு ஓடி வந்தாள். அத்தையின் முன்னால் ஒரு கணம் தயங்கினாள். அத்தை அவள் சுருட்டை முடிக்குள் விரல்களை விட்டுக் கலைத்தாள். “அப்பா, நாங்க எல்லாரும் நடந்தே வரோம்” என்றாள் மகள். “ஏழரைக்குள்ள வந்துடு” என்றார். பிறகு, “எட்டு” என்றார்.

மனைவி தபால் நிலையத் தோழியோடு பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். அக்காவை பஸ்ஸில் ஏற்றிவிட ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். கடைத்தெரு முனையில் மேலே போக முடியவில்லை. ஒன்பது பிள்ளைகளும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, சாலையின் அகலத்தை மொத்தமாக அடைத்தபடி, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போனார்கள்.

“நிறுத்து” என்றாள் அக்கா. நிறுத்துவதற்குள் இறங்கிவிட்டாள். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

“அக்கா, உன் பஸ்ஸு?”

“பின்னாடிதானேடா வருது!”

திரும்பிப் பார்த்தார். உண்மைதான். உள்விளக்குகள் எரிய, அவள் ஊர்ப் பெயர் நெற்றியில் மின்ன, பஸ் வந்து நின்றிருந்தது. ஸ்கூட்டரை ஓரம் கட்டி வழிவிட்டார். பாடுகிற வரிசையின் ஓரத்தில் தவளை நகர்ந்து இடம்விட, அக்கா நுழைந்து அவன் தோளில் கை போட்டாள். ஒன்பது, பத்து ஆனது. பின்னால் பஸ் நடை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் பக்கம் கையைக் கொண்டுபோனார். அப்படியே ஸ்டியரிங்கின் மேல் வைத்து விரல்களால் தட்டத் தொடங்கினார்.