இரவல் விரல்

டோக்கன் நாற்பத்தொன்று. சுவர்ப் பலகையில் முப்பத்தெட்டு என்ற சிவப்பு எண் அரை மணி நேரமாக நகர மறுத்தது. கிரேன்காரரின் வலது கால்தான் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஐந்து நாற்காலிகளை ஒரே கம்பியில் கோத்த இருக்கை அது. ஒரு கால் ஆடினால் வரிசையே ஆடும். கடைசி நாற்காலியில் ஊன்றுகோலோடு இருந்த பெரியவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டார்.

"காலை நிறுத்துங்க. அவரு கப்பல்ல போற மாதிரி உக்காந்திருக்காரு," என்றாள் மனைவி.

"நம்ம நம்பர் என்ன?"

"நாப்பத்தொண்ணு. மூணாவது தடவை கேக்கறீங்க. முதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க." ரொட்டி டப்பாவை அவர் மடியில் வைத்தாள்.

அவர் அதைத் தூக்கி அவள் மடிக்கே அனுப்பினார். "கூப்பிடற நேரத்துல வாயை அசை போட்டுக்கிட்டு போய் நிக்கணுமா?"

"இன்சுலின் ஊசி போட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"ஆகட்டும். நச்சரிக்காதே."

அவருக்குச் சாப்பாடு இறங்காததில் அதிசயம் இல்லை. இன்று நடப்பது கடைசி மேல்முறையீடு. உள்ளே இருக்கும் குழு தலையை இடம் வலமாக ஆட்டிவிட்டால், அதற்கு மேல் தட்டக் கதவு கிடையாது.

சரக்குத் துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவர் அவர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், நாற்பது மீட்டர் உயரத்துக் கேபினில், அவருடைய சர்க்கரை சொல்லாமல் கொள்ளாமல் இறங்கியது. மற்றவர்களுக்கு வேர்க்கும், கை நடுங்கும், பசி பிடுங்கும். இருபது வருடம் நீரிழிவோடு குடித்தனம் நடத்திய உடம்பில் அந்த அலாரமெல்லாம் எப்போதோ செத்துவிட்டது. கண் திறந்திருந்தது, கை லீவரில் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. கீழே நின்று சைகை காட்டிய சக தொழிலாளியின் தலைக்கு இரண்டு ஆள் உயரத்தில் ஒரு இரும்புக் கன்டெய்னர் ஆடிக்கொண்டு நின்றது. எப்போதும் கழுத்தில் விசில் தொங்குவதால் அவனுக்கு 'விசில்' என்றே பெயர். அன்று உயிர் போகிற மாதிரி ஊதினான். யாருக்கும் அடியில்லை. கிரேன்காரரைக் கட்டித் தூக்கி இறக்கினார்கள். அதோடு வேலை முடிந்தது.

வேறு வேலை? கண்ணைத் திறந்துகொண்டே காணாமல் போகிறவரை யார் சேர்த்துக்கொள்வார்கள்? வேலை செய்ய இயலாதவர்களுக்கான மாதாந்திர உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். ஒற்றை வரியில் பதில் வந்தது: விண்ணப்பதாரரின் சர்க்கரை சிறப்பான கட்டுப்பாட்டில் உள்ளது.

அந்தச் சிறப்பான கட்டுப்பாட்டின் ரகசியம் பூமியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இருவரும் இப்போது ஒரே கம்பியில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள போய் வாயைத் திறக்கக் கூடாது. புரியுதா?" என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

"சரி, நான் திறக்கல. நீங்கதான் திறக்கணும்."

"திறந்தா கம்பெனி ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடும்."

"வெளியில இருந்து மட்டும் என்ன பண்றோம்?"

அவர் சட்டென்று எழுந்தார். எதற்காக எழுந்தோம் என்று தெரியாமல் தண்ணீர் இயந்திரம் வரை போய், குடிக்காமலே திரும்பி வந்தார். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். முப்பத்தொன்பதும் நாற்பதும் வந்து போயின. பலகை மறுபடி கிணுகிணுத்தது. நாற்பத்தொன்று.

நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவி, வலப்பக்கம் ஒரு பெண் மருத்துவர், இடப்பக்கம் கணினியில் தட்டச்சு செய்யும் எழுத்தர்.

மருத்துவர் கோப்பைப் புரட்டினார். "உங்க கம்பெனி டாக்டர் மாசாமாசம் உங்க சுகர் மெஷினையே வாங்கி, கம்ப்யூட்டர்ல மாட்டி நம்பர் எடுத்திருக்காரு. கையால எழுதினது எதுவும் இல்ல. மூணு வருஷம். தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு, எண்பத்தெட்டு. எப்பவாவது நூத்தி முப்பது. எழுபதுக்குக் கீழ ஒண்ணுகூட இல்ல."

"ஆமாங்க."

"கை நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல பாத்த மூணு மாச சராசரியும் சரியாத்தான் இருக்கு. கூட வேலை செஞ்சவர் ஒரு கடிதம் வேற கொடுத்திருக்காரு. 'அண்ணன் ஒரு நாள்கூட டெஸ்ட் எடுக்காம கிரேன்ல ஏறினதில்ல. அவர் மேல இருந்தா நான் கீழ நிம்மதியா நிப்பேன்'னு."

விசில் எழுதிய கடிதம். உதவி செய்வதாக நினைத்து எழுதியது. கிரேன்காரர் மேஜையின் விளிம்பையே பார்த்தார். விளிம்பு இரண்டாகத் தெரிந்து பிறகு ஒன்றானது.

"அப்போ அந்த ஒரு நாள் மயக்கம் ஏதோ சாப்பிடாம வந்ததுதான்," என்றார் தலைவி. "அடிக்கடி இறங்குது, இறங்கறது தெரியலன்னு சொல்றீங்க. அதுக்கு ஒரு ஆதாரம் காட்டுங்க. இல்லன்னா எங்களால எதுவும் பண்ண முடியாது."

ஆதாரம். எழுத்தரின் விரல்கள் விசைப்பலகை மேல் காத்திருந்தன.

அப்போது அவர் மனைவி இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தாள். வளையல் வாங்க வந்தவள் கடையில் கை நீட்டுகிற மாதிரி, அவ்வளவு சாவகாசமாக. வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கு வாக்குதான்.

தலைவிக்கு ஒன்றும் புரியவில்லை. மருத்துவர் மட்டும் முன்னால் சாய்ந்தார். விரல் நுனிகளின் பக்கவாட்டில் மிளகைத் தூவியது போல ஆறிக் கறுத்த புள்ளிகள், தடித்துப்போன தோல்.

"உங்களுக்கும் சுகரா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"என்ன வேலை பண்றீங்க?"

"துணிக் கம்பெனியில பொத்தான் தைக்கறேன்."

"தையல் ஊசி விரல் முனையில குத்தும். இப்படிப் பக்கத்துல, பத்து விரல்லயும் முறை வச்சுக் குத்தாது." மருத்துவர் மெதுவாக நிமிர்ந்து கிரேன்காரரைப் பார்த்தார்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் கை அங்கேயே கிடந்தது. எடுக்கவும் மாட்டாள் போல.

"அந்த மெஷின்ல இருக்கறது இவ ரத்தம்," என்றார்.

எழுத்தர் தட்டச்சை நிறுத்தினார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை எனக்கு அம்பத்தெட்டு காட்டிச்சு. இன்னொரு தடவை எழுபதுக்குக் கீழ பாத்தா மேல ஏறவிட மாட்டேன்னு கம்பெனி டாக்டர் சொல்லிட்டாரு. மறுநாள் காலையில இவகிட்ட விரலைக் கேட்டேன். நீட்டினா. அப்புறம் தினமும். எல்லாம் தொண்ணூறாவே இருந்தா சந்தேகம் வரும்னு, வாரத்துக்கு ஒரு நாள் இவ வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு விரலைக் கொடுப்பா. என்னோடதை நான் பாக்கறதையே விட்டுட்டேன். பாத்தா பயம். ராத்திரியில எத்தனை தடவை இவ என்னை உலுக்கி எழுப்பி வாயில சர்க்கரை போட்டிருக்கான்னு எனக்கே தெரியாது."

"சராசரி எப்படிச் சரியா வந்தது?" என்றார் தலைவி.

"இவருக்கு ரொம்ப ஏறும், ரொம்ப இறங்கும்," என்றார் மருத்துவர். "ரெண்டும் சேந்தா நல்ல பிள்ளை மாதிரி நடுவுல வந்து நிக்கும். அதுல ஆச்சரியமில்ல. ஆனா இதெல்லாம் நீங்க சொல்றதுதானே. பிழைப்புக்காக இன்னிக்கு வேற கதை சொல்லலாமே?"

"சொல்லலாம்," என்று ஒப்புக்கொண்டார் கிரேன்காரர். அவருக்கு ஏனோ சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

மனைவி குறுக்கே புகுந்தாள். "டாக்டரம்மா, இவரு சிரிக்கற ஆளில்ல. இப்பப் பாருங்க. இப்பவே சுகரைப் பாருங்க."

மருத்துவர் தன் பையிலிருந்து ஒரு மெஷினை எடுத்தார். "உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"வேர்க்குதா? படபடப்பு?"

"ஒண்ணும் இல்லங்க. இப்பவே கிரேன்ல ஏறச் சொன்னாலும் ஏறுவேன்."

ஊசி குத்தியது. மெஷின் ஐந்து வினாடி எண்ணியது. மருத்துவர் எண்ணைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மெஷினைத் தலைவி பக்கம் திருப்பினார். நாற்பத்து நான்கு.

அதற்குள் மனைவி குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்து, வாயில் கொட்டிவிட்டாள். தினமும் செய்து பழகிய கை. தலைவியின் தண்ணீர்க் கோப்பையைக் கேட்காமலே எடுத்துக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது எண்பத்தொன்று. மேஜையின் விளிம்பு ஒன்றாகவே இருந்தது.

"இதைவிட ஆதாரம் என்ன வேணும்," என்றார் மருத்துவர். "இவர் எந்த வேலைக்கும் லாயக்கில்ல. நான் பரிந்துரை பண்றேன்."

தலைவி பேனாவை மூடித் திறந்தார். "நானும் பண்றேன். உதவித்தொகை வரும். ஆனா நீங்க சொன்ன அத்தனையும் குறிப்புல ஏறும். ஒரு பிரதி கம்பெனிக்குப் போகும். அதை என்னால தடுக்க முடியாது. மூணு வருஷம் உங்களுக்குக் கீழ ஆளுங்க நின்னிருக்காங்க."

"எழுதுங்கம்மா," என்றார் அவர். பிறகு எழுத்தரிடம், "விரலைக் கேட்டது நான்தான்னு எழுதுங்க. அவளா கொடுத்தான்னு எழுதிராதீங்க."

"கேட்டதும் கொடுத்தேன்னும் எழுதுங்க," என்றாள் மனைவி. "நான் ஒண்ணும் பச்சைக் குழந்தை இல்ல."

வெளியே வந்து அதே இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவர் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். கால் ஆடவில்லை.

"பிரதி எப்பப் போகும்?"

"நாலு நாள்னு எழுத்தர் சொன்னாரு," என்றாள்.

நாலு நாள். அதற்குள் துறைமுகமெல்லாம் பரவிவிடும். யாரோ ஒருத்தர் சொல்லி விசிலுக்குத் தெரியவரும். பாதி ரொட்டியை டப்பாவில் வைத்துவிட்டு அவர் கைபேசியை எடுத்தார். அவள் தடுக்கவில்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் கிரேன் உறுமுவது கேட்டது.

"அண்ணே, என்னாச்சு? என் லெட்டர் உதவிச்சா?"

"கிரேனுக்குக் கீழயா நிக்கற?"

"ஆமாண்ணே."

"கொஞ்சம் தள்ளி வந்து நில்லு," என்றார் கிரேன்காரர். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."