பிரவீணாவின் பெட்டி ஏன் சூடானது

1

இந்தக் கதை எனக்குப் பாளையம்பட்டி டவுன் பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள், நான் ஒட்டுக்கேட்டேன். முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவன். பஸ்ஸுக்குள் என் காதுக்குத் தப்பிய பேச்சு கிடையாது. [இந்த முதல் வரியை நினைவில் வையுங்கள். பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.]

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

“அந்த வருடம் அருப்புக்கோட்டையில் அடித்த வெயிலில் காக்கைகள் பறக்க முடியாமல் நடந்தே—” அடித்துவிட்டேன். ஒரு காக்கை நடந்ததை நான் பார்த்தது உண்மை. ஆனால் அது எப்போதும் நடக்கிற காக்கை.

“வெளிச்சம் என்பது—” இதையும் அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் வாசகர் எழுந்து காபி போடப் போய்விடுவார்.

மூன்றாவது: வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பிரவீணா சென்னைக் கம்பெனிக்குப் பதில் அனுப்ப வேண்டும். தன் பெட்டி தோற்றுவிட்டது என்று அதில் எழுத வேண்டியிருக்கும்.

இது நிற்கட்டும்.

2

பிரவீணாவுக்கு முப்பத்திரண்டு வயது. பெங்களூரில் எட்டு வருடம் வேலை பார்த்தவள், நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மா பொன்னுத்தாயின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தாள். “எம்மக ஆம்ப்ளிபயர் செய்யுறா” என்று பொன்னுத்தாய் தெருவில் சொல்லிவைக்க, கோயில் பொங்கலுக்கு மைக் செட் கேட்டு நாற்பது பேர் வந்துவிட்டார்கள். [நான்கு பேர்.]

இது வேறு ஆம்ப்ளிபயர். கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் ஓடித்தான் திருச்சுழி தாண்டி நரிக்குடிவரை டிவியும் இண்டர்நெட்டும் போகின்றன. போகிற வழியில் வெளிச்சம் இளைத்துவிடும். பெட்டிக்குள் ஒரு சுருள் விசேஷ இழை இருக்கிறது; குட்டி லேசர் ஒன்று அதற்குத் தீனி போடுகிறது. இளைத்து வரும் வெளிச்சம் அந்தத் தீனியைத் தின்று கொழுத்து மறுபக்கம் வெளியேறும்.

எல்லாப் பெட்டியிலும் இதுதான். தின்றது போக மிஞ்சுகிற தீனி வீணாகிப் பெட்டியைச் சூடாக்கும், அதை ஆற்ற விசிறி வேண்டும். பவர்லூம் ஓடுகிற தெருவில் விசிறி வைத்த பெட்டி பஞ்சை இழுத்து இழுத்து ஆறு மாதத்தில் தலையணை ஆகிவிடும். பிரவீணா சுருளின் கடைசியில் சட்டைப் பித்தான் அளவில் ஒரு கண்ணாடி வைத்தாள். மிஞ்சிய தீனி அதில் பட்டுத் திரும்பி வந்து மறுபடி வேலை செய்யும். கரண்டு குறைவு, சூடு குறைவு, விசிறி வேண்டாம்.

பதினைந்து நாள் சோதனையில் முந்நூறு மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் ஓடினால் கம்பெனி அந்தப் பெட்டியை எடுத்துக்கொள்ளும், அவள் இங்கேயே இருந்து அடுத்ததைச் செய்யலாம். தாண்டினால் மறுபடி பெங்களூர்.

பன்னிரண்டு நாள் இருநூற்று எண்பதில் ஓடியது.

3

பதின்மூன்றாம் நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது, துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது பொன்னுத்தாயின் சட்டம். பிரவீணா பெட்டியை அணைத்தாள். தூசி தட்டுவதற்கு மூடியைக் கழற்றி வைத்தாள். மூடிமேல் பொன்னுத்தாய் சந்தனம் குங்குமம் வைத்தார்.

மறுநாள் மூடியைக் கழுவி மாட்டிப் பெட்டியை ஓடவிட்டதும் மீட்டர் ஆயிரத்தை— சரி, நானூற்று முப்பதைக் காட்டியது. பெட்டிமேல் தோசை சுடலாம். [சுட முடியாது. கை வைத்தால் எடுக்கத் தோன்றும், அவ்வளவுதான்.]

அவள் லேசரைச் சந்தேகப்பட்டாள். அதற்குக் கரண்டு கொடுக்கிற சர்க்யூட்டைப் பிரித்து மாட்டினாள். கண்ணாடியையும் எட்டிப் பார்த்தாள், பளிச்சென்றுதான் இருந்தது. கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டாள். முதல் பன்னிரண்டு நாள் மீட்டர்தான் பொய் சொல்லியிருக்கிறதோ என்று கணக்கைப் பதினொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

சோதனைக்கு லைன் கொடுத்திருந்த திருச்சுழி கேபிள் ஆபீஸ் முத்துராஜ் போன் செய்தான்.

“ஏக்கா, பேசாம ஒரு விசிறிய மாட்டி விட்ருவமா? யாருக்குத் தெரியப் போகுது?”

“விசிறி மாட்டுனா அது ஏம் பெட்டி இல்லடா. பழைய பெட்டிக்குப் புதுச் சட்டை.”

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். முதல் பிரதியில் எலியைக் கொண்டுவந்தேன், வாலோடு மூன்றடி நீளம். இரண்டாவதில் பஞ்சுத்தூசி. மூன்றாவதில் பெங்களூரிலிருந்து சிவப்புக் காரில் ஒரு உளவாளி பந்தல்குடி டீக்கடையில் இறங்கி, கருப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே வடை—

உளவாளி எனக்கு மிகவும் பிடித்திருந்தான். அவனுக்கு மீசைகூட வைத்துவிட்டேன். ஆனால் எழுத எழுத எனக்கே வியர்த்தது. ஏன் என்று ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.

5

வெள்ளிக்கிழமை காலை. கடிதம் தயார். அனுப்புவதற்கு முன்னால் பிரவீணா கடைசியாக ஒரு தடவை மூடியைக் கழற்றினாள். ஏதாவது கருகியிருக்கிறதா என்று மோந்து பார்த்தாள்.

“என்னடி, நாயி மாதிரி மோந்துகிட்டு இருக்க?” என்றார் பொன்னுத்தாய்.

“அம்மா, இதுக்குள்ள சந்தனம் மணக்குது.”

“மூடியில நாந்தான வச்சேன்.”

“மூடியக் கழுவிட்டேன். மூடி அங்க கெடக்கு. இது உள்ள.”

டார்ச்சைச் சாய்த்து அடித்தாள். நேரே பார்த்தபோது பளிச்சென்று இருந்த கண்ணாடியில், சாய்ந்த வெளிச்சத்தில் மூச்சு விட்டதுபோல் ஒரு மங்கல் படலம் தெரிந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், மூடினாள், ஓடவிட்டாள்.

நானூறு. முந்நூற்று நாற்பது. இருநூற்று எண்பத்தொன்று.

பிரவீணா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, பிறகு பசி வந்தது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடாதவள் ஒன்பது இட்லி தின்றாள். [ஆறு.] பழைய கடிதத்தை அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி மூன்று நாள் கூடுதலாகக் கேட்டாள். ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் ‘சந்தனம்’ என்ற சொல் வந்தது உலகத்திலேயே அன்றைக்குத்தான் என்று சத்தியம் செய்வேன். கம்பெனிக்காரர்கள் சிரித்துவிட்டு நாள் கொடுத்தார்கள். பெட்டி ஜெயித்தது. இப்போது பந்தல்குடியிலும் விசிறியில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

கதையை இங்கே முடிக்கலாம். முடித்தேன்கூட. பேனாவை மூடிய பிறகு தூக்கம் வரவில்லை.

6

அந்த வெள்ளிக்கிழமை பொன்னுத்தாய் சொன்னது இது: “கண்ணாடியிலயும் நாந்தான்டி வச்சிருப்பேன். மிக்சி, பிரிட்ஜு, வாசக் கேட்டு, ஒன்னு விடல. கை அதுபாட்டுக்குப் போயிருக்கும்.” பிரவீணா கோபப்படவில்லை. பொன்னுத்தாயே தனக்குத் தண்டனை போட்டுக்கொண்டார். அந்த நாளிலிருந்து முன்னறைக்குள் கால் வைப்பதில்லை. போன வருடம் ஆயுத பூஜைக்குத் தட்டோடு நிலைப்படிக்கு வெளியே நின்று, “நீயே வச்சிக்கத்தா” என்று உள்ளே நீட்டினார்.

ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. கை தானாகப் போய் வைத்திருந்தால் பொட்டு பொட்டாகவே இருந்திருக்கும். அது துடைக்கப்பட்டிருந்தது. தப்பு என்று தெரிந்தவன்தான் துடைப்பான்.

பஸ், முன் சீட்டு, இரண்டு பேர், எல்லாம் பொய். நான் பக்கத்து வீடு. அந்த ஆயுத பூஜையன்று என் பழைய விசிலைப் பூஜையில் வைக்கக் கொண்டுபோயிருந்தேன். ஓய்வுபெற்ற கண்டக்டரிடம் வேறு என்ன ஆயுதம் இருக்கும்? “தட்டப் புடிங்க அண்ணாச்சி” என்று கொடுத்துவிட்டுப் பொன்னுத்தாய் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போனார். திறந்த பெட்டிக்குள் குட்டியாக, அழகாக ஒரு கண்ணாடி. பூஜையன்று கண்ணாடியைக் கண்டால் பொட்டு வைப்பதுதானே வழக்கம், வைத்தேன். பிரவீணாவின் காலடிச் சத்தம் கேட்டது. துண்டு நுனியால் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டதாக நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பொன்னுத்தாய் பழியை ஏற்றபோது நான் எங்கே இருந்தேன்? அதே வீட்டில், நாற்காலியில், கையில் கேசரித் தட்டோடு. ‘நான்’ என்று வாயைத் திறந்தேன். கேசரியைப் போட்டு மூடிக்கொண்டேன்.

எலியே, உளவாளியே, மன்னித்துவிடுங்கள்.

7

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் பிரவீணா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மற்றதில், “மாமா, இனிமே நீங்கதான் நிலைப்படிக்கு வெளிய” என்கிறாள். இரண்டுமே நியாயம்தான். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

இதை எழுதி முடித்ததும் எனக்குள்ளும் ஒரு நூற்றைம்பது மில்லி ஆம்பியர் குறைந்திருக்கிறது. இந்த அளவில் மிகை எதுவும் இல்லை.

பிரவீணா, இந்தத் தாள்களை உன் மேஜைமேல், பெட்டிக்குப் பக்கத்தில், விசிலை வைத்து அழுத்திவிட்டு வந்திருக்கிறேன். இன்று ஆயுத பூஜை. நீ இந்த வரிக்கு வரும்போது உன் அம்மா தட்டோடு நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்.

அடுத்த வரியை நீ சொல். சத்தமாகச் சொல், பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும்.