அக்கினி மூலையில் ஒரு பொம்பா நிலையம்

கருணாகரன் வரைந்த கட்டடங்கள் மலாக்காவில் எத்தனையோ நின்றன. ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. குனிந்து குனிந்து பிளான் வரைவது அவர், கையெழுத்துப் போடுவது வெள்ளைக்கார இஞ்சினியர் துரை. அடிக்கோலை வைத்துக்கொண்டே கோணலாகக் கோடு போடும் திறமை அந்த மனிதருக்கு இருந்தது. திறப்பு விழாக் கல்லில் மட்டும் அவர் பெயர் நேராக இருக்கும்.

ஐம்பத்தேழில் நாடு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வாங்கப்போகிறது என்றதும் துரை பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அவர் போன கையோடு காஜா பெராங்கில் ரப்பர் ஆலை வைத்திருந்த ராஜரத்தினம் முதலாளி கருணாகரனைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆலையில் தீப்பிடித்தால் பட்டணத்துப் பொம்பா என்கிற தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் பாதி சாம்பலாகிவிடும் என்று முதலாளிக்குக் கவலை. ஆலைக்குள்ளேயே சொந்தமாக ஒரு பொம்பா நிலையம் வேண்டும் என்றார். பம்பு வண்டிக்கு ஓர் அறை, குழாய்ச் சுருளுக்கு ஓர் அறை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி.

"மெர்டேக்காவுக்குள்ள திறந்துடணும். வாசல்ல கல்லு வச்சு உம்ம பேரப் போட்டுடலாம். இனிமே நம்மாளுங்க பேருதான்யா" என்றார் முதலாளி.

அன்று கருணாகரன் சைக்கிளை மிதித்ததாகவே அவருக்கு நினைவில்லை. எப்படியோ வீடு வந்து சேர்ந்திருந்தார்.

பிளான் பிரமாதமாக வந்தது. ஆலையில் தீப்பிடிக்க லாயக்கான இடம் ஒன்றுதான்: ரப்பர் தகடுகளை விறகுப் புகையில் தொங்கவிட்டுக் காயவைக்கும் புகைக்கூடம். அது தென்கிழக்கு மூலையில் இருந்தது. ஆகவே நிலையத்தை அதற்கு எட்டாத தூரத்தில், வடகிழக்கில், கிணற்றை ஒட்டி வரைந்தார். பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் நியாயம் புரியும்.

அந்த ஆலையில் முதலாளி சொன்னால் நடக்கும். அவர் மனைவி சந்திரமதி சொன்னால்தான் முதலாளி சொல்வார். அம்மாள் பிளானை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பின்னாலேயே போன முதலாளி கொஞ்சநேரத்தில் திரும்பி வந்தார்.

"நெருப்பு சம்பந்தப்பட்டது எல்லாம் அக்கினி மூலைலதான் இருக்கணுமாம். தென்கிழக்குல போடும்."

"அங்கதான் புகைக்கூடம் இருக்குங்க."

"அதுவும் நெருப்புதானே? ரெண்டும் பக்கத்துல இருக்கட்டுமே. கூப்பிட்ட உடனே வந்துடலாம்."

கருணாகரனிடம் இதற்குப் பதில் இருந்தது. பொம்பா நிலையத்தில் நெருப்பு ஏது? உள்ளே இருப்பது முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்கு உரியது ஈசான்ய மூலை. அதுதான் வடகிழக்கு, அவர் வரைந்த அதே இடம். சாஸ்திரமும் அவர் பக்கம்தான் நின்றது. வாயைத் திறந்தார்.

"உமக்குத் தோது இல்லேன்னா சொல்லிடும். கோலாலம்பூர்ல நமக்கு ஒரு ஆளு இருக்காரு" என்றார் முதலாளி, மிகவும் மரியாதையாக.

கருணாகரனுக்குக் கல் கண்ணில் தெரிந்தது. இன்னொருத்தன் பெயரோடு தெரிந்தது. திறந்த வாயால், "தென்கிழக்கே நல்லதுங்க" என்றார்.

நிலையம் எழும்பியது. புகைக்கூடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் குடை விரித்துக்கொண்டு போகும் இடம்தான் இருந்தது. துக்காங் எமாஸ் தெரு விநாயகர் கோவிலிலிருந்து குருக்கள் வந்து பூஜை போட்டார். சந்திரமதி அம்மாள் தம் கையாலேயே வாசலில் கற்பூரம் கொளுத்தினார். கருங்கல்லில் 'அமைப்பு: கருணாகரன்' என்று வெட்டியிருந்தது. யாரும் பார்க்காத நேரம் அவர் அதைத் தடவிப் பார்த்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பிறகும் வேலை இருப்பதுபோல அடிக்கடி அந்தப் பக்கம் போய்வந்தார்.

தீபாவளிக்கு முன்னே ஒரு மத்தியானம், புகைக்கூடத்தில் ரப்பர் தகடு ஒன்று கழன்று அடுப்பில் விழுந்தது. பொம்பாவுக்குப் பழக்கிவைத்திருந்த ஆட்கள் மணிச் சத்தம் கேட்டதும் சொல்லிக்கொடுத்தபடியே ஓடிவந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தீ அதற்குள் நிலையத்தின் கூரைக்குத் தாவியிருந்தது. பம்பு வண்டி உள்ளே இருந்தது, குழாயும் உள்ளே இருந்தது, போகத்தான் வழியில்லை. மலாயே பேசும் அக்கம்பக்கத்து மலாக்காச் செட்டி வீடுகளிலிருந்து "ஆப்பி! ஆப்பி!" என்று தீயை மலாயில் சொல்லிக் கத்திக்கொண்டு ஜனங்கள் வாளியோடு ஓடிவந்து, வடகிழக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு கை மாற்றிக் கை மாற்றி ஊற்றினார்கள். மற்றக் கட்டடங்கள் பிழைத்தது அவர்களால்தான்.

பட்டணத்துப் பொம்பா வந்து சேர்ந்தது. அதன் அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இங்கயே ஒரு பொம்பா நிலையம் இருக்கறதா சொன்னாங்களே, எங்க?"

"இப்ப எரிஞ்சுகிட்டு இருக்கே, அதுதாங்க" என்றார் முதலாளி.

மறுநாள் கருணாகரன் போனார். கூரை இல்லை, கதவு இல்லை. வாசல் சுவர் மட்டும் நின்றது. அதில் கல் இருந்தது. யாரோ தண்ணீர் ஊற்றிக் கரியைக் கழுவிவிட்டிருந்ததில் பெயர் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. போவோர் வருவோர் எல்லாம் நின்று வாசித்துவிட்டுப் போனார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

சந்திரமதி அம்மாள் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சாம்பலைப் பார்த்தார், தூரத்துக் கிணற்றைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, பொம்பா நிலையம்னா தண்ணி வைக்கிற எடந்தானே? தண்ணிக்கு ஈசான்ய மூலை இல்லியா? எனக்குத்தான் அன்னிக்குப் புத்தி ஓடல. உங்களுக்காச்சும் தெரியாதா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சா சொல்றதுக்கு என்ன? சாஸ்திரம்னு சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

கருணாகரன் கல்லைப் பார்த்தார். அம்மாள் அவர் பார்வை போன பக்கம் பார்த்தார். கல்லை ஒருமுறை நிதானமாக வாசித்தார்.

"சரி விடுங்க. கல்லு நல்லாத்தான் இருக்கு. புதுசாக் கட்டறதுல இதையே பதிச்சுடலாம்."

"வேணாம்மா. அது இங்கயே இருக்கட்டும்" என்றார் கருணாகரன்.